பிரதம விருந்தினர் மனோலிஸ்

1

இங்கே லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால விளையாட்டு விழாத் துண்டுப்பிரசுரம் போன கிழமை வீட்டுக்கு வந்தது. வழக்கம்போல ஒரு மூலையில் குத்துவிளக்கு, மற்ற மூலையில் ஓடுகிற பிள்ளை, கொத்துரொட்டியும் கூழும் உண்டு என்ற அறிவித்தல். எல்லாவற்றுக்கும் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: 'கடந்த ஆண்டு ஒலிம்பிக் வீரர் மனோலிஸ் அவர்கள் பிரதம விருந்தினராக வருகை தந்து சிறப்பித்த மாபெரும் விழா.'

வாசித்துவிட்டுக் கடதாசியைக் கசக்கிக் குப்பைவாளிக்குள் போட்டேன். பிறகு மனம் கேட்காமல் எடுத்து, கையால் நீவி மேசையில் வைத்தேன். கடதாசியோடு கோபித்து என்ன பயன்?

மனோலிஸ் ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர். விழா வீடியோவை ஊரில் இருக்கிற நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்பதால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். என் தம்பி தொலைபேசியில், "அக்கா, ஒலிம்பிக் விளையாடின மனுசனுக்குப் பக்கத்துக் கதிரையில இருக்கிறாய், ஊர் முழுக்க இப்ப உன்ர கதைதான்," என்றான். அவன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் நான் கதையை மாற்றிவிட்டேன். அந்தக் கதிரையில் இருந்தபடி நான் கண்டது வேறு.

2

லண்டன் ஸ்ட்ரெதத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் மதியச் சாப்பாடு பரிமாறுவது என் வேலை. அதே பள்ளியின் கெயார்ரேக்கர் மனோலிஸ். காலையில் கேற் திறப்பது, கொதிகலனைப் போடுவது, பிள்ளைகள் சத்தி எடுத்தால் மரத்தூள் போட்டுக் கூட்டுவது, கூரையில் ஏறிய பந்துகளை இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. பந்து இறக்க மற்றவர்களுக்கு ஏணி வேண்டும். அவருக்குக் கூட்டுகிற தும்புத்தடியின் பிடி போதும். ஆறடி ஏழங்குலம் உயரம். எங்கள் சமையலறை வாசலில் குனிந்துதான் வருவார், குனிந்துதான் போவார்.

முதலில் நான் அவரோடு பெரிதாகக் கதைத்ததில்லை. ஒருநாள் மத்தியானம், பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, கூரையிலிருந்து இறக்கிய பந்தொன்றைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றார். அங்கே ஒரு கூடை வளையம் இருக்கிறது. நின்ற இடத்திலிருந்து, சாவிக்கொத்து இடுப்பில் தொங்க, எறிந்தார். வளையத்தில் படாமல் உள்ளே விழுந்தது.

நான் குப்பைப்பையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு விசர் வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, ஏப்ரனோடு போய் அவரிடம் பந்தைக் கேட்டேன். நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினவள். மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு என் பெயர் தெரியும். பந்தைத் தலைக்கு மேலே ஒரு கையில் ஏந்தி, முழங்காலை மடித்து எறிந்தேன். விழுந்தது. மனோலிஸ் என்னைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், பிறகு போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்து திரும்பவும் என் கையில் தந்தார்.

அன்றிலிருந்து சிநேகிதம். அவருடைய ஆங்கிலம் ஒரு விதமாக உடைந்தது, என்னுடையது வேறு விதமாக உடைந்தது. இரண்டையும் பொருத்தினால் ஓரளவு ஒரு ஆங்கிலம் வரும். அவர் சொன்னவற்றை இங்கே என் தமிழிலேயே தருகிறேன், வேறு வழியில்லை.

3

மனோலிஸ் கிரேக்க தேசத்தின் கிரேத்தாத் தீவில் ஒரு மீன்பிடித் துறையில் பிறந்தவர். பதினைந்து வயதில் ஆள் மரம்போல வளர்ந்துவிட, ஏதென்சிலிருந்து ஒரு கழகம் வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. விடுதியில் தங்கி, காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் பயிற்சி. இருபது வயதில் முதலாம் பிரிவு அணியில் சேர்த்தார்கள்.

"அணியில சேர்த்தவை, விளையாட விடேல்லை," என்றார். "அங்க ரெண்டு பெரிய ஆக்கள் இருந்தவை. பயிற்சியில அவையோட இடிபட ஒரு உடம்பு வேணும். அது நான். கிழமை முழுக்க இடி வாங்குவன். ஞாயிற்றுக்கிழமை தோளில துவாயைப் போட்டுக்கொண்டு ஓரத்து வாங்கில, மாற்று ஆக்கள் இருக்கிற பலகையில, இருப்பன்."

ஒரேயொரு சீசன். அது முடியும்போது முழங்காலில் சவ்வு கிழிந்தது. அதற்குப் பிறகு இரண்டாம் பிரிவு, பிறகு மூன்றாம் பிரிவு. வருடத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு கழகம். சம்பளம் சில மாதம் வரும், சில மாதம் வராது. ஒவ்வொரு கோடையிலும் மனைவியிடம், "வாற வருசம் முதலாம் பிரிவு, தோட்டம் வச்ச வீடு," என்று சொல்லுவாராம். சொல்லும்போது தானும் நம்பினதாகச் சொன்னார். மகள் எலேனி பாடசாலை மாறி மாறியே வளர்ந்தாள். மனைவி ஒருநாள் பொறுமை கெட்டு, லண்டனில் கோப்பிக் கடை வைத்திருந்த தன் தமக்கையிடம் பிள்ளையோடு வந்துவிட்டா. கடைசிக் கழகமும் மூடப்பட்ட பிறகு மனோலிஸ் பின்னால் வந்தார். வந்து சேர்ந்தபோது அந்தக் குடும்பத்தில் அவருக்கு இடம் இருக்கவில்லை.

"எலேனி என்னைக் கண்டதெல்லாம் சாமான் வான் ஓட்டினதும் தும்புத்தடி பிடிச்சதும்தான். அதுக்கு முன்னம் எண்டால், தோத்து வந்து காலை ஐஸ் வாளிக்குள்ள வச்சுக்கொண்டு இருந்தது ஞாபகம் இருக்கும். என்ர விளையாட்டைப் பற்றி இண்டுவரைக்கும் அவள் என்னட்ட ஒரு கேள்வி கேட்டதில்லை, வசந்தி. ஒண்டே ஒண்டு கேட்டால் போதும், நான் விடிய விடியச் சொல்லுவன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. என் மகள் அபியும் என்னிடம் அப்படி ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் நான் அதை ஒரு குறையாக அதுவரை நினைக்கவில்லை.

4

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்தானியா ஐரோப்பாவை விட்டு விலகியபோது மனோலிசும் இங்கே இருப்பதற்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. ஆள் பயந்துபோனார். நான்தான் பக்கத்தில் இருந்து படிவத்தைத் தொலைபேசியில் நிரப்பிக் கொடுத்தேன். ஐரோப்பியருக்கு மானிப்பாய்க்காரி விசா வேலை பார்த்த கதை இது. "நீங்கள் எங்க பழகினீங்கள்?" என்று கேட்டார். குரோய்டனில் என்றேன்.

அங்கே அகதி விண்ணப்பங்களை விசாரிக்கிற அந்த உயர்ந்த கட்டடத்தில் நான் நின்ற வரிசைகளை எழுதப் போனால் இது வேறு கட்டுரையாகிவிடும். நடந்ததை நடந்தபடியே சொன்னேன், முதல் தரம் நம்பவில்லை. என்னைப் போலப் பலர். உள்ளதை உள்ளபடி சொன்னால் சபையில் எடுபடாது என்ற பயம் எங்கள் சனத்துக்கு அங்கேதான் ஏறியதோ, இல்லை ஊரிலிருந்து கொண்டுவந்ததோ, எனக்குத் தெரியாது. கடை வைத்தவர் இங்கே தொழிலதிபர். பாட்டு வகுப்பு எடுப்பவர் இசைப் பேரரசி. எவரையும் உள்ள அளவோடு மேடையில் ஏற்ற எங்களுக்கு மனம் வராது. சங்கச் செயலாளர் தவம் அண்ணை இதில் மன்னர்.

தவம் அண்ணை கெட்ட மனிதர் இல்லை, இதை முதலே சொல்லிவிடுகிறேன். செத்த வீடோ கலியாண வீடோ, முதலில் வந்து கதிரை அடுக்குபவர் அவர்தான். ஆனால் கையில் மைக் கிடைத்தால் வாயில் தேன் ஊறும்.

5

போன வருடம் விழாவுக்கு ஒப்புக்கொண்ட டொக்டர் கடைசி நேரத்தில் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போய்விட்டார். தவம் அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, உம்மட பள்ளிக்கூடத்தில ஒரு கிறீக் விளையாட்டுக்காரர் இருக்கிறார் எண்டு சொன்னனீர் எல்லே?"

"ஓம் அண்ணை. பாஸ்கற்போல். ஆனா அவர் இப்ப கெயார்ரேக்கர்."

"அதுக்கென்ன. விளையாட்டு விழாவுக்கு விளையாட்டுக்காரர்தானே வேணும். அவரைக் கேட்டுச் சொல்லும். என்ன மாதிரி, எங்க விளையாடினவர் எண்ட விபரத்தையும் தாரும்."

உள்ள விபரத்தைச் சொன்னேன். ஏதென்ஸ் கழகம், ஒரு சீசன் முதலாம் பிரிவு, பிறகு சின்னக் கழகங்கள். அவர் எழுதுகிற சத்தம் கேட்டது.

மனோலிஸ் முதலில் மாட்டேன் என்றார். நான் யார் உங்களுக்கு விருந்தினராக வர என்றார். மறுநாள் காலை சமையலறை வாசலில் குனிந்து நின்று, "எலேனியையும் கூட்டிக்கொண்டு வரலாமோ?" என்று கேட்டார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு தரம், ஒரேயொரு தரம், தனக்கு ஆட்கள் கை தட்டுவதை மகள் காண வேண்டும். அதற்காகத்தான் வருகிறார்.

"தாராளமா," என்றேன். "சாப்பாடும் இருக்கு."

6

விழா நாளன்று வெயில். எலேனி வந்திருந்தாள். அப்பாவின் உயரம் கொஞ்சம் அவளுக்கும் வந்திருந்தது. லூயிஷாமில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள் என்று மனோலிஸ் அறிமுகப்படுத்தினார். கை தந்தாள், சிரித்தாள், ஆனால் வந்த வேலை முடிந்ததும் போய்விடுகிறவளின் நிற்பு. மேடையில் ஏறாமல் எதிரே ஒரு மர நிழலில் நின்றுகொண்டாள்.

மாலை போடப் போனபோது தவம் அண்ணைக்குக் கை எட்டவில்லை. மாலை மனோலிசின் காதில் மாட்டிக்கொண்டது. சனம் சிரித்தது. எலேனியும் வாய்விட்டுச் சிரித்து, போனை எடுத்துப் படம் பிடித்தாள். குத்துவிளக்குக் காற்றில் அணைந்து அணைந்து போனது. மனோலிஸ் தன் இரண்டு பெரிய கைகளாலும் மறைத்துக் குனிந்து நிற்க, அதற்குள் நாங்கள் திரியைக் கொளுத்தினோம். அதுவரை எல்லாம் எவ்வளவு நன்றாகப் போனது என்பதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நோகிறது.

பிறகு அறிமுக உரை. தவம் அண்ணை தமிழில் வாசிக்க, என் மகள் அபி ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். அபியை நான்தான் கெஞ்சிக் கூட்டி வந்திருந்தேன். அவள் பிறிஸ்டலில் தனியாக இருக்கிறாள், எங்கள் விழா என்றாலே தலையிடி வந்துவிடும்.

தவம் அண்ணை தொண்டையைச் செருமினார். "கிரேக்க தேசத்தின் கூடைப்பந்தாட்டச் சக்கரவர்த்தியும், அந்நாட்டுத் தேசிய அணியின் முன்னாள் தலைவரும், ஒலிம்பிக் வீரரும், லண்டன் மாநகரின் முன்னணிக் கல்விக்கூடமொன்றின் நிர்வாகியுமாகிய..."

நான் கதிரையிலிருந்து முன்னால் எட்டினேன். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணை, என்ன கோதாரி இது? நான் இப்பிடியொண்டும் சொல்லேல்லையே."

"விடும் தங்கச்சி. சபைக்கு ஒரு எடுப்பு வேணும்," என்று மைக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

அபிக்குக் கை காட்டித் தடுக்கப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்தபடியே ஆங்கிலத்தில், ஒரு சொல் விடாமல், எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டாள்.

ஸ்பீக்கர்கள் சனத்தைப் பார்த்து நின்றன. மேடையில் பின்னால் இருந்த எங்களுக்கு வெறும் இரைச்சல்தான். தவம் அண்ணையின் தமிழைப் பக்கத்தில் எட்டிக் கேட்டதால்தான் அபி என்ன வாசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மனோலிஸ் ஒன்றையும் கவனிக்கவில்லை. அவர் மர நிழலையே பார்த்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி இருந்தார். மடியில் வைத்திருந்த கையின் விரல்களை மட்டும் உயர்த்தி மகளுக்கு ஆட்டினார்.

எலேனி போனைக் கீழே இறக்கினாள்.

7

"என்ன சொன்னவை?" என்று மனோலிஸ் என்னிடம் கேட்டார். மகளின் முகம் மாறியதைக் கண்டுவிட்டார்.

சொன்னேன். வேறு என்ன செய்வது? கேட்டு முடிந்ததும் எழும்பினார். அவரைப் பேச அழைக்கவே இல்லை, நேரே போய் மைக்கைத் தன் வாய் மட்டத்துக்கு உயர்த்தினார். அவர் பேசியது இவ்வளவுதான்.

"நான் தேசிய அணியில விளையாடேல்லை. ஒலிம்பிக்குக்குப் போகேல்லை. முதலாம் பிரிவில ஒரு சீசன் இருந்தன், வாங்கில. ஒரு ஆட்டத்தில எங்கட ரெண்டு பெரிய ஆக்களும் பிழை விட்டு வெளியில போயிட்டினம். அப்ப என்னை இறக்கினவை. எனக்கு ரெண்டு தண்ட எறி கிடைச்சது. ஒண்டு விழுந்தது, மற்றது விழேல்லை. முதலாம் பிரிவில என்ர கணக்கு அவ்வளவுதான். இப்ப ஒரு பள்ளிக்கூடத்தில கேற் திறக்கிறன். என்னைக் கூப்பிட்டதுக்கு நன்றி."

அவர் 'வாங்கில' என்று சொன்னபோதே எலேனி மைதான வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். வாசலில் ஸ்பீக்கர் இல்லை. அவர் அவள் போவதைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொல்வரை சொல்லி முடித்தார்.

இனித்தான் எங்கள் கெட்டித்தனம். தவம் அண்ணை மைக்கை வாங்கினார். குரல் தழுதழுத்தது, நடிப்பு இல்லை, உண்மையாகவே கண் கலங்கிவிட்டது.

"பாருங்கள் உறவுகளே. இவ்வளவு சாதித்த மனிதர், ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லுகிறார். இதற்குப் பெயர்தான் தன்னடக்கம். எங்கள் பிள்ளைகள் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

சனம் எழும்பி நின்று கை தட்டியது. உண்மையைச் சொன்ன மனிதனை அதே உண்மையால் இன்னும் பெரிய பொய்யாக்கிவிட்டோம். பொன்னாடை போர்த்த வந்தபோது, யாருக்கும் எட்டாது என்று தெரிந்து, அவர் தன்னுடைய அந்தக் கெட்டுப்போன முழங்காலை மடித்து மேடையில் குனிந்து கொடுத்தார். மர நிழலில் யாரும் இருக்கவில்லை.

அதன் பிறகும் ஆள் போகவில்லை. பின்னேரம் வரை நின்று, மூன்றுகால் ஓட்டத்தில் வென்ற பிள்ளைகளுக்கும் கயிறிழுத்த தடியன்களுக்கும் கிண்ணம் கொடுத்தார். ஒப்புக்கொண்ட வேலையை விட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

8

பின்னேரம் எலேனி ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். மனோலிஸ் போனை என்னிடம் நீட்டினார். 'இன்னும் கதை சொல்லுறதை விடேல்லையா அப்பா?'

நான் சொல்லவில்லை, அவர்களாகவே எழுதினார்கள் என்று பதில் போட்டாராம். அதை யார் நம்புவார்? கோடைக்குக் கோடை தோட்டம் வைத்த வீடு சொன்ன வாய்தானே.

"நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்," என்றேன்.

"வேண்டாம் வசந்தி. எனக்காக வேற ஆள் சொன்னால் அதுவும் ஒரு கதை எண்டுதான் நினைப்பாள். வீடியோ வரும்தானே. நான் பேசினது அதில இருக்கும். அதைக் காட்டுவம்."

எங்கள் வீடியோக்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பூப்புனித நீராட்டு விழா முடிந்து, பிள்ளை பல்கலைக்கழகம் போகிற வயதில் வீடியோ வரும். கோடை போய், இலை கொட்டி, நத்தார்ப் பண்டிகையும் நெருங்கிவிட்டது. அதுவரை அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் சமையலறை வாசலில் குனிந்து, "வந்திட்டுதோ?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டுவேன். அந்த மாதங்களில் எலேனி அவருடைய அழைப்பை எடுக்கவில்லை.

கடைசியில் வந்தது. மனோலிசை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். அபியும் அந்தக் கிழமை வந்திருந்தாள். புட்டும் மீன்குழம்பும் வைத்தேன், ஆள் ஒரு வாய் வைத்துவிட்டு ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை வந்தது. விளக்கு வந்தது. அறிமுக உரை, ஒரு சொல் குறையாமல், தமிழில் முழுவதும், ஆங்கிலத்தில் முழுவதும். 'ஒலிம்பிக் வீரர்' என்ற இடத்தில் ஐந்து வளையம் சுற்றிக்கொண்டு வந்து திரையில் நின்றது. மனோலிஸ் எழும்பி மைக்கை உயர்த்தினார். வாய் திறந்தார். அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டுத் தொடங்கியது. கொத்துரொட்டி தட்டுவதைக் காட்டினார்கள், பலூன் பிடித்த குழந்தையைக் காட்டினார்கள். பாட்டு முடியும்போது அவருக்குப் பொன்னாடை விழுந்தது, மெதுவாக, மூன்று கோணத்தில்.

நான் வீடியோக்காரருக்குத் தொலைபேசி எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "அன்ரி, அவர் ஏதோ சோகமாக் கதைச்சவர். விழா வீடியோக்கு அது சரிவராது எண்டு வெட்டினனான்," என்றான். வெட்டியதை வைத்திருக்கிறாயா என்றேன். இடம் போதாமல் அழித்துவிட்டானாம்.

மனோலிஸ் முதலில் சிரித்தார். பெரிய உடம்பு குலுங்கச் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அபிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் ஆங்கிலத்தில் சொன்னதன் பொருள் இதுதான்: "அம்மா, இதுக்காகத்தான் நான் உங்கட விழாக்களுக்கு வாறதில்லை. நீங்கள் எழுதித் தந்ததை நான் வாசிச்சன். அந்தப் பிள்ளை என்ர வாயாலதானே அதைக் கேட்டது." நான் எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு நானும் தவம் அண்ணையும் ஒன்றுதான்.

போகும்போது மனோலிஸ் அபியிடம், "உன்ர அம்மா நல்லா எறிவா," என்றார்.

"அம்மாவோ? எதை?" என்று கேட்டாள் அபி. அவர் என்னைப் பார்த்தார். நான் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

9

மாசி மாதம் அவருடைய தாய் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பார்க்க வேறு ஆள் இல்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கிரேத்தாவுக்குப் போய்விட்டார். சாவிக்கொத்தைத் தலைமை ஆசிரியையிடம் கொடுத்துவிட்டு, சமையலறை வாசலுக்கு வந்து கடைசியாக ஒருமுறை குனிந்தார். பொன்னாடையை மடித்து ஒரு பையில் வைத்து என்னிடம் தந்தார். "இதை எங்க வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை," என்றார். எனக்கும் தெரியவில்லை. இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

போகுமுன் மருந்துக்கடைக்குப் போய் எலேனியைப் பார்த்தாராம். இரண்டு பேரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்களாம்.

இப்போது பள்ளியில் புதிய கெயார்ரேக்கர், நல்ல பொடியன். கூரையில் ஏறிய பந்துக்கு ஏணி கொண்டு வருகிறான். வாசலில் நிமிர்ந்தே வருகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ செய்யும்.

10

துண்டுப்பிரசுரத்தைப் பார்த்த கிழமைதான் நான் முடிவு செய்தேன். மனோலிஸ் வேண்டாம் என்று சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கொட்டை எழுத்தைக் கண்ட பிறகு என்னால் பொறுக்க ஏலவில்லை. தவம் அண்ணைக்கு எடுத்து, "இந்த வரியை எடுங்கோ," என்றேன். "அச்சடிச்சாச்சு தங்கச்சி," என்றார்.

வெள்ளிக்கிழமை லூயிஷாம் சிவன் கோவிலுக்குப் போவது வழக்கம். அன்றைக்குக் கோவிலுக்கு முன்னம் மருந்துக்கடைக்குப் போனேன். எலேனி கண்டவுடன் அடையாளம் பிடித்துவிட்டாள்.

"அப்பான்ர பள்ளிக்கூடத்து ஆள் நீங்கள்."

ஓம் என்றேன். வேறு முகவுரை வைத்தால் எனக்கு வாய் வராது என்று தெரியும். அவர் மைக்கில் சொன்னதை, வாங்கு, இரண்டு பெரிய ஆட்கள், இரண்டு தண்ட எறி, ஒன்று விழுந்தது ஒன்று விழவில்லை, கேற் திறக்கிறேன் என்றது வரை அப்படியே ஒப்புவித்தேன். எழுதியது அவர் இல்லை, எங்கள் ஆட்கள் என்றும் சொன்னேன். அவள் மருந்துப் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அவர் தேசிய அணியில இல்லை எண்டு எனக்குத் தெரியாதோ?" என்றாள். "நீங்கள்தான் எழுதியிருப்பீங்கள் எண்டும் பிறகு யோசிச்சனான். நான் போனது அதுக்கில்லை. அதை வாசிக்கேக்க அவர் சிரிச்சுக்கொண்டு இருந்தார். அப்பிடியொரு சந்தோசத்தில நான் அவரைக் கண்டதே இல்லை. எங்களோட இருந்த காலத்தில ஒருநாளும் இல்லை. ஒரு பொய்க்கு அப்பிடிச் சிரிக்கிறார் எண்டால் நாங்கள் அவருக்கு என்ன எண்டு நினைச்சன். நிக்க ஏலேல்லை."

எனக்கு அந்தக் கடையின் நடுவில் அழுகை வந்துவிட்டது. ஒரு வருடம். ஒரு வருடமாக நாங்கள் வெட்டிப்போன பேச்சைத் தேடிக்கொண்டிருந்தோம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சே இல்லை.

"பிள்ளை," என்றேன், "மேடையில எங்களுக்கு ஒண்டும் கேட்கேல்லை. ஸ்பீக்கர் எல்லாம் அங்கால பாத்து நிண்டது. அபி என்ன வாசிக்கிறாள் எண்டே அவருக்குத் தெரியாது. நீர் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீர் எல்லே? அவர் உம்மைப் பாத்துத்தான் சிரிச்சவர். கையும் ஆட்டினவர், நீர் காணேல்லை. நான் பக்கத்துக் கதிரையில இருந்தனான்."

அவள் கையிலிருந்த பெட்டியைத் தட்டில் வைத்தாள். அதை எடுத்தாள். திரும்பவும் அதே இடத்தில் வைத்தாள். பின்னால் ஒரு கிழவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் என்று அவருக்குச் சைகை காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த ரெண்டு எறியில எது விழுந்தது? முதலாவதோ, ரெண்டாவதோ?"

அவள் இதைக் கேட்பதற்காக ஒரு மனிதர் இந்த ஊரில் இத்தனை வருடம் வான் ஓட்டி, கேற் திறந்து, பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். கேள்வி வந்தது, அவர் இல்லை. நின்றது நான்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். "அவரிட்ட நான் அதைக் கேட்கேல்லை. நீர் எடுத்துக் கேளும்."

தலையை ஆட்டினாள். பிறகு கிழவரின் சீட்டை வாங்கினாள். நான் கோவிலுக்குப் போகாமல் பஸ் எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் கேட்டாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.